என் சட்டைகளில் நடந்தவை

“இதப் போட்டிருந்தப்ப என்ன நடந்துச்சு?” என்று டீச்சர் என்னைக் கேட்டார். நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் நடக்கல டீச்சர்” என்றேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். அன்றைக்கு நான் கொண்டுபோயிருந்தது ஒரு சாம்பல் நிறச் சட்டை. கழுத்துப்பட்டை தேய்ந்து, முழங்கைப் பக்கம் இழை தெரிய ஆரம்பித்திருந்தது. என்னிடம் இருந்ததில் பழையது அதுதான். இதைக் கேட்டதும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வைக்க வேண்டாம், இதுவும் எழுத வேண்டியதுதான்.

எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் ஒரு நீளமான அறை இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அங்கே துணிப்படம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவரவர் பழைய உடுப்பை வெட்டி, கித்தான்மேல் வைத்துத் தைத்து, சுவரில் மாட்டுகிற படமாக்குவது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துகளை வாசிக்கச் சொல்வேன், தயாரான கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுப்பேன். சனிக்கிழமை அரைநாள்தான் கடை. மதியம் என் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் “சாவி எங்கம்மா?” என்று கேட்கிறவரை என்னோடு பேச ஒரு ஈ காக்கை கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நாற்காலியிடம் ஏதாவது சொல்வேன். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. துணிப்படத்தின்மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. நாலைந்து பெண்கள் சேர்ந்து சிரிப்பது தெருவரைக்கும் கேட்டது. அதற்காகத்தான் படியேறினேன்.

அந்த வகுப்புக்கென்று ஒரு விதி உண்டு. கத்தரிக்கோல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் டீச்சரிடம் இருக்கும். துணியை மேசையில் விரித்து, அதை உடுத்தியிருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னால்தான் கத்தரி நம் கைக்கு வரும். “சொல்லாம வெட்டினா அது கந்தல். சொல்லிட்டு வெட்டினா படம்” என்பார் டீச்சர். அடுத்தவர் துணி ஆகாது. கட்டிச் சொன்ன கதையும் ஆகாது, அது தையலில் தெரிந்துவிடும் என்பார்.

முதல் நாள் கண்டக்டர் அக்கா தன் காக்கிச் சட்டையை விரித்தாள். பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவள், எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “இந்தச் சட்டை போட்டிருந்தன்னிக்கு என் பஸ்ஸுல ஏறினது நாப்பத்தாறு பேரு, இறங்கினது நாப்பத்தேழு பேரு” என்றாள்.

“அதெப்படி?” என்றார் நர்சம்மா. அவரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்தான்.

“கடைசி சீட்டுல ஒரு பொண்ணுக்கு வலி வந்துருச்சு. டிரைவர் என்னப் பார்க்குறான், நான் டிரைவரப் பார்க்குறேன். புதுசா வந்த ஆளுக்கு டிக்கெட் போடணுமா வேணாமான்னு ரெண்டு பேருக்கும் ஒரே குழப்பம்.”

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் சட்டையின் கைப்பக்கத்தில் இருந்த பழுப்புக் கறையைத் தடவினாள். “இந்தக் கையிலதான் வாங்கினேன்” என்றாள். டீச்சர் கத்தரியை அவள் பக்கம் நகர்த்தினார்.

நர்சம்மா கொண்டுவந்திருந்தது, கணவர் இறந்த அன்று தான் உடுத்தியிருந்த வெள்ளைக் கவுன். அவர் சொன்னது இரண்டே வரி. “தண்ணி கேட்டாரு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு.” உடனே அத்தனை பெண்களும் எழுந்து அவர் நாற்காலியைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருத்தியின் முதுகில் அத்தனை கைகள் இருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த உரிமை உண்டா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் என் முறை வந்தது.

“நல்லா யோசிச்சுப் பாரும்மா” என்றார் டீச்சர். “எங்கயாவது போயிருப்ப. யாராவது வந்திருப்பாங்க.”

“கடைக்குப் போனேன் டீச்சர். வீட்டுக்கு வந்தேன்.”

“ஒரு சண்டை? ஒரு நல்ல சேதி?”

“அழுக்கு தெரியாதுன்னு வாங்கின சட்டை டீச்சர்.”

“விடுங்க டீச்சர், காலி வண்டி” என்றாள் கண்டக்டர் அக்கா. “டிப்போவுல கெளம்பி டிப்போவுக்கே வந்து சேர்ந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மனசில் கள்ளம் கிடையாது, வாய்தான் துடுக்கு. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, “எதையாவது அடிச்சு விடு தங்கச்சி, யாரு வந்து பார்க்கப் போறா?” என்று காதோடு சொன்னாள்.

எனக்கு அது முடியாது. சிலருக்கு நீச்சல் வராததுபோல எனக்குப் பொய் வராது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் நீங்கள் நம்புவதற்கு இது உதவும்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கத்தரி கிடைக்காது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று மற்றவர்களின் துண்டுகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கறை, கிழிசல், பால் வாசம், பெட்ரோல் வாசம் என்று ஒவ்வொரு துணியிலும் ஒருத்தியின் வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருந்தது. என் துணிகளில் சவுக்காரம் மட்டும்தான் மணத்தது. அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அன்று என்ன உடுத்தியிருந்தேன் என்று சொல்லக்கூட ஆளில்லை. அப்பா வேறு குடும்பத்தோடு போய்விட்டார். வளர்த்த பெரியம்மா கடமைக்கு வளர்த்தாள், வேலை கிடைத்ததும் நானும் கடமைக்கு விடைபெற்று வந்துவிட்டேன். துக்கமென்று ஒன்று வர வேண்டுமென்றால்கூட அதற்குக் கொஞ்சம் முதல் வேண்டும்.

மஞ்சள் சட்டையில்தான் முதன்முதலாக ஒன்று நடந்தது. பெரிய துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில், தாயைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தளம் தளமாக இறங்கி, அதன் தாயிடம் சேர்த்தேன். அந்தத் தாய் குழந்தையோடு சேர்த்து என்னையும் கட்டிக்கொண்டாள். என் தோள்பட்டை முழுக்க அவள் கண்ணீரும் மையும். அதை நான் துவைக்கவில்லை.

சனிக்கிழமை அதை விரித்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கத்தரி வந்தது. கண்டக்டர் அக்கா என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “பார்றா, நம்ம கண்ணாடிக்குள்ளயும் ஒரு கத இருந்திருக்கு!” என்றாள். அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடி என்று பெயர். அதற்குமுன் அங்கே எனக்குப் பெயரே இருக்கவில்லை.

குழந்தை எப்படித் தொலைந்தது என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தாய் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான்தான் அதன் கையைப் பிடித்து மேல்மாடிக்கு அழைத்துப்போனேன். அங்கே அதை நிற்கவைத்துவிட்டு, அழுகிறவரை ஒரு தூணுக்குப் பின்னால் காத்திருந்தேன். அழாத குழந்தையை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

பச்சைச் சட்டையை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அதில் இருப்பது ஒரு பெரியவரின் ரத்தம். எங்கள் கடையில் கண்ணாடி வாங்கியவர். வாசலில் இறங்கும்போது படி தவறி விழுந்தார். நான் என் சட்டைக்கையைக் கிழித்து அவர் நெற்றியில் கட்டி, வண்டி வருகிறவரை அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். அவர் என்னை “மகளே” என்று கூப்பிட்டார். வகுப்பில் இதைச் சொன்னபோது நர்சம்மா எழுந்துவந்து, கட்டுப்போட்ட விதம் சரிதான் என்று பாராட்டினார்.

அந்தப் பெரியவரின் உறைக்குள் நான் போட்டுக் கொடுத்தது வேறொருவருடைய கண்ணாடி. சட்டம் ஒரே மாதிரி இருந்தது. “மங்கலா தெரியுதேம்மா” என்றார். “புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் தாத்தா” என்றேன். புதுக்கண்ணாடி எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், அதில் பொய் ஒன்றுமில்லை. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்ததாகக் கேள்விப்பட்டேன். பிறகு நடந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. என் துணியைப் பொறுத்தவரை அது படியோடு முடிந்துவிட்டது.

இதற்கெல்லாம் நான் டீச்சரைக் குறை சொல்வதாக எழுதிவிடாதீர்கள். நல்லவர் அவர். ஆனால் அந்தச் சனிக்கிழமை என் இரண்டு படங்களையும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “தையல் சுத்தமா இருக்கு. ஆனா ரெண்டுமே அடுத்தவங்களுக்கு நடந்தது. நீ பக்கத்துல நின்னிருக்க, அவ்வளவுதான். உனக்கு நடந்ததக் கொண்டு வாம்மா.” வருகிற ஆண்டு நூலகத்தில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், நடுச்சுவருக்கு நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றும் அன்றுதான் சொன்னார்.

எனக்கு நடப்பது என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். வகுப்பில் இருந்த நல்ல படங்கள் எல்லாமே யாரோ ஒருவர் போனதைப் பற்றியவை. எனக்குப் போவதற்கு ஆளில்லை. ஆகவே முதலில் ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் குறுக்குவழி கிடையாது. பாசம் நிஜமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தையலில் தெரிந்துவிடும்.

கண்டக்டர் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன். அவள்மேல் பாசம் வைப்பது சுலபம். வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். ஒரே மகள், வேறு ஊரில் கல்யாணமாகி இருந்தாள். வகுப்பு முடிந்து அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தேன். முதலில் தெருமுனை வரை போனேன், பிறகு வாசல் வரை. ஒருநாள், “வாசல்லயே நின்னா எப்படி? படியில நிக்காம உள்ள போ, உள்ள போ” என்று என்னை வீட்டுக்குள் தள்ளினாள். பால்கனியில் இருந்த செடித் தொட்டிகளிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள். “கொஞ்சம் உள்ள தள்ளி நில்லும்மா, பின்னாடி எடம் கெடக்கு பாரு” என்று ஒரு தொட்டியை நகர்த்துவாள். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, “போதுமா? இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டாள். போதும் என்று சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. தூசி ஆகாது, புகை ஆகாது, பழைய பஞ்சு ஆகவே ஆகாது. வாயில் வைத்து மருந்தை உறிஞ்சுகிற பம்பு ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். அதை அவள் எங்கேயாவது வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். “கண்ணாடி, நான் ஒரு மறதி மண்டு. ஒண்ணு உன் பையிலயே கெடக்கட்டும்” என்று ஒரு பம்பை என்னிடம் கொடுத்தாள். வேறு யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை, கடைச் சாவியைத் தவிர. அந்தப் பம்பை நான் கடைக்கும் எடுத்துப்போவேன். குளிக்கப் போகும்போதுகூடப் பையைக் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் அவளுக்குத் திணறல் வந்தது. கண் சிமிட்டுவதற்குள் எடுத்துக் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும், “நீ இல்லேன்னா நான் இன்னிக்கே டெர்மினஸ்” என்று சிரித்தாள். மகள் அன்றைக்குத் தொலைபேசியில் என்னோடு பேசினாள். “சித்தி, நீங்க பக்கத்துல இருக்கறதாலதான் நான் நிம்மதியா தூங்குறேன்” என்றாள். என்னை யாரும் சித்தி என்று அழைத்ததில்லை. தொலைபேசியை வைத்தபிறகும் அந்தச் சொல் காதில் இருந்தது.

அந்த நாட்களில் படத்தை மறந்தே போனேன். டீச்சர் அடுத்து என்ன என்று கேட்பார், பார்க்கலாம் டீச்சர் என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் துணி காயப்போட்டோம், தரை துடைத்தோம், ஒருத்தி தலைமுடிக்கு இன்னொருத்தி சாயம் பூசினோம். “எப்பப் பார்த்தாலும் சாம்பல் கலர்லயே திரியாத. பார்க்குறவங்களுக்கு மேகமூட்டமா இருக்கு” என்று சொல்லி, அவளே கடைக்குப் போய் எனக்கு ஒரு நீலச் சட்டை வாங்கி வந்தாள். வெள்ளைப் பொத்தான், இடப்பக்கம் ஒரு பை. கழுத்து சற்று இறுக்கம், ஆனால் நான் சொல்லவில்லை. அதையே உடுத்தி உடுத்தித் துவைத்தேன். சில மாதங்களிலேயே முழங்கை வெளுத்துவிட்டது. யார் பார்த்தாலும் பழைய துணி என்றுதான் சொல்வார்கள்.

பிறகு ஒருநாள் அவள் கதவைத் திறந்த வேகத்திலேயே, “எனக்குப் பிரமோஷன் வந்தாச்சு கண்ணாடி! பாட்டி போஸ்ட்டு” என்றாள். மகள் மாசமாக இருக்கிறாள். பேறுகாலத்துக்குப் போவது மட்டுமில்லை, இனி அங்கேயே தங்கிவிடுவதென்று முடிவு. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியாயிற்று. செடிகளை நர்சம்மா எடுத்துக்கொள்கிறார். “நீயும் லீவு போட்டுட்டு வா, என்ன? ஒரு ராத்திரி பஸ்ஸுதான்.”

“சரிக்கா” என்றேன்.

“போறன்னிக்கு ஞாபகப்படுத்து. உன் பையில இருக்குற அந்தப் பம்பையும் வாங்கிக்கணும். அங்க போயி உடனே கெடைக்குமோ என்னமோ.”

“சரிக்கா” என்றேன்.

அதனால்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களோடு இருக்கும் அந்த இளைய அதிகாரிக்கு அப்படி ஒரு எண்ணம் இருப்பது அவர் முகத்தில் தெரிகிறது. அது வேறு, இது வேறு. எல்லோருக்கும் அவரவர் குடும்பம் உண்டு, அவள் போகத்தான் வேண்டும். நான் யோசித்தது படத்தைப் பற்றி மட்டும்தான். நீலச் சட்டையை மேசையில் விரித்து, “அக்கா ஊருக்குப் போயிட்டா” என்று சொன்னால் யார் கத்தரியைத் தருவார்கள்? அதற்காக யார் எழுந்து வருவார்கள்? கண்டக்டர் அக்கா இருந்திருந்தால், “டாட்டா காட்டினியா இல்லையா?” என்று கேட்டுச் சிரிக்கவைத்திருப்பாள். அத்தனை நாள் வைத்த பாசம் ஒரு டாட்டாவோடு வீணாகப் போயிருக்கும்.

மூட்டை கட்டுவதற்கு நான்தான் உதவிக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். கீழே ரிப்பேர் கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சாமான்களை நான் பெட்டிகளில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினேன். மேசைமேல் இருந்த அவளுடைய பம்பையும் துண்டுகளோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்தேன். எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். பரண்மேல் ஒரு பழைய பஞ்சு மெத்தை இருந்தது. அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்த அறையிலேயே அதை இறக்கி, உதறினேன். சன்னலைத் திறக்கவில்லை. “அடிப்பாவி, என்ன கொன்னுடாத!” என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

இருமல் வந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, எனக்குப் பழக்கமான சத்தம். அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் தொங்கிய என் பையிலிருந்து பம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எடுத்தது ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். பையிலேயே இருந்திருந்தால் அவள் எப்படியாவது எடுத்திருப்பாள்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்து அணைத்துக்கொண்டேன். அவள் பார்வை நாற்காலிப் பக்கம் போனது. “பை” என்றாள். அதற்குமேல் சொல்ல மூச்சில்லை. “நான் இங்கயேதான் இருக்கேன்க்கா” என்றேன். அங்கேயேதான் இருந்தேன். நான் போட்டிருந்த நீலச் சட்டையின் முன்பக்கத்தை அவள் கொத்தாகப் பிடித்தாள். ஒரு பொத்தான் தெறித்துக் கதவுப் பக்கம் ஓடியது. பம்பு என் உள்ளங்கையில் சூடேறிவிட்டிருந்தது. அந்தக் கை முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவளை ஒரு கையால்தான் அணைத்துக்கொள்ள முடிந்தது. எனக்கு வருத்தம் என்றால் அது ஒன்றுதான்.

அவள் பிடி தளர்ந்தபிறகு கீழே இறங்கி ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் இந்த நோய்க்கு ஒரு தூசி போதும் என்றார். நான் மறுக்கவில்லை, அவர் சொன்னது சரி. நர்சம்மா என் கன்னத்தைப் பிடித்து, “கண்ணாடி, அழுதுரு. உள்ள வெச்சுக்காத” என்றார். அழுதேன். அந்த அழுகை நிஜம். அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியிடம் சொல்வதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவளைக் கொன்றவள் நான்தான், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். அவளுக்காக என்னைவிட அதிகமாக அழுதவர்களும் இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

சனிக்கிழமை நீலச் சட்டையை மேசையில் விரித்தேன். பொத்தான் போன இடத்தில் துணி சுருங்கி, அவள் ஐந்து விரலும் எங்கே இருந்தன என்று தெரிகிற மாதிரி கசங்கிக் கிடந்தது. “என் மடியிலதான் போனாங்க. இங்கதான் பிடிச்சிருந்தாங்க” என்றேன். டீச்சர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கத்தரியை நகர்த்தித் தரவில்லை, எழுந்து வந்து என் கையிலேயே வைத்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள். என் முதுகில், தோளில், தலையில் கைகள். கண்டக்டர் அக்காவின் கை மட்டும்தான் அதில் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

கசங்கல் விரிந்துவிடாமல் ஒவ்வொரு சுருக்கத்தையும் நுண்ணிய ஓடுதையலால் நிறுத்தினேன். அதுதான் கடினமான வேலை. சுற்றிலும் என் சாம்பல் நிறச் சட்டைகளை, ஒன்றும் நடக்காத அந்தச் சட்டைகளையெல்லாம், பட்டை பட்டையாக வெட்டி வைத்தேன். அவற்றுக்கும் ஓர் உபயோகம் வந்தது. டீச்சர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இப்பத்தான் உனக்கு நடந்திருக்கு” என்றார். படம் நடுச்சுவருக்குப் போனது.

கண்காட்சியின் கடைசி நாளில் அவள் மகள் வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கையை ஒரு படத்தில் தைத்து வைத்திருக்கிறார்கள் என்று நர்சம்மா சொல்லி, அதைப் பார்ப்பதற்கென்றே ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தாள். என்னைக் கண்டதும், “சித்தி” என்று ஒரு கையால் கட்டிக்கொண்டாள். குழந்தையின் தலையில் அக்காவுக்கு இருந்தது போலவே முன்பக்கம் ஒரு சுழி. என்னிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பிறகு படத்துக்கு முன்னால் நின்றோம். அவள் நெடுநேரம் பார்த்தாள். விரலை நீட்டித் தொட்டாள், யாரும் தடுக்கவில்லை.

“எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்காங்க” என்றாள். “ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா சித்தி?”

“ஆமா” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசியா ஏதாவது சொன்னாங்களா? என்னப் பத்தி?”

“உன்னப் பத்தி இல்லம்மா. ‘பை’ன்னு சொன்னாங்க.”

“பையா? எந்தப் பை?”

“என்னோட பை. நாற்காலியில தொங்கிட்டிருந்துச்சு.”

அவள் படத்திலிருந்து பார்வையை எடுத்தாள். “அம்மாவோட இன்னொரு பம்பு உங்க பையிலதானே சித்தி இருக்கும்? அன்னிக்கு அது எங்க இருந்துச்சு?”

அத்தனை பேரில் அதைச் சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். டீச்சர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

“என் கையில இருந்துச்சு” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது விழித்துச் சிணுங்கியது, அவள் தட்டிக்கொடுக்கவில்லை. நெருங்கிய ஒருத்தியைப் பறிகொடுத்துவிட்டு நிற்பவளிடம் என்ன சொல்வது என்று பலருக்குத் தெரிவதில்லை. அவளுக்கும் தெரியவில்லை, பாவம். ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள்.